உடைமரத்துக்குப் பின்னால் அலறிய கார்

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. இந்தத் தடவை அந்தக் காரு வேண்டாம். பஸ்ஸுல வாங்க."

போனில் தங்கச்சி உமாராணி இப்படிச் சொன்னதும் சௌந்தரபாண்டியனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. மூத்த மகளுக்குக் காது குத்தியபோது, மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் கோவில்பட்டி எல்லையிலேயே ரோட்டோரம் நின்று, அப்பா காலத்துப் பச்சைக் காரின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போகிறதென்று பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள். 'மாமன் மடி கிடைக்காத பிள்ளை' என்று புகுந்த வீட்டில் உமாராணி கேட்ட பேச்சு கொஞ்சமல்ல.

இப்போது இளையவள் பானுவின் முறை.

"பஸ்லயே வாரேன் தாயி. சத்தியமா."

சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னார். ஆனால் புதுப் பெயின்ட் அடித்து, விளக்குகளுக்குப் பாலிஷ் போட்டு நிற்கிற காரை விட்டுவிட்டுக் கிளம்ப மனசு வரவில்லை. விடிந்ததும் கிளம்பினால் நேரத்துக்குப் போய்விடலாம். காதுகுத்து நடக்கிற பசுவந்தனைக்கு வெளியே நிறுத்திவிட்டு, எல்லாம் முடிந்ததும் கோயில் வாசலுக்கு ஓட்டி வந்து, பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு போட்டோ. அசந்து போவார்கள்!

அன்றைக்கென்று கார் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. கோயிலுக்குச் சற்று முன்னாலேயே ரோட்டை விட்டு இறக்கி, உடைமரங்களுக்குப் பின்னால் மறைத்தார். ராத்திரி பெய்த மழையில் கரிசல் மாவாகக் குழைந்து கிடந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் மண் அப்பிக்கொண்டதைப் பார்த்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"தட்டைச் சுமந்துட்டுப் பஸ்ஸுலயா வந்தீங்க அண்ணாச்சி?" உமாராணியின் மாமியார் சுந்தரம்மாள் உருகிவிட்டாள்.

"எட்டு மணி பஸ்ஸு. கூட்டம்னா கூட்டம், நின்னுக்கிட்டேதான் வந்தேன்."

உமாராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

பானு மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். அப்போதுதான் உடைமரங்களுக்குப் பின்னாலிருந்து 'பாஆஆம்' என்று கிளம்பியது ஒரு சத்தம். கன்றைத் தேடும் எருமை மாதிரி. நிற்கவே இல்லை.

ஹாரன் வயர் தேய்ந்து, பானட்டை அழுத்தினாலே அலறும் என்பது சௌந்தரபாண்டியனுக்குத் தெரியும். நிறுத்தும்போதெல்லாம் அதைப் பிடுங்கிவிடுவார். இன்றைக்கு ஒளித்து வைக்கிற அவசரத்தில் மறந்துவிட்டார்.

கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள் ஆடு மேய்க்கிற பெத்தம்மாள்.

"ஏ அண்ணாச்சிமாரே, அங்கன நிக்குற பச்சைக் காரு யாருது? எங் கெடா அது மேல ஏறுச்சு, அப்பப் புடிச்சுக் கத்துது! ஆடெல்லாம் ஓடைப்பக்கம் சிதறிப்போச்சு!"

கூட்டம் மொத்தமும் தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தது. தங்கச்சி புருஷன் காளீஸ்வரன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"மச்சான், நீங்க நின்னுக்கிட்டு வந்த பஸ்ஸு இதானா?"

கோயில் அதிரச் சிரித்தார்கள். உமாராணி மட்டும் சிரிக்கவில்லை.

வயர் சூடேறினால் கார் பற்றி எரிந்தாலும் எரியும். அவர் அரைகுறையாக எழுந்தார்.

"போறதுன்னா போங்கண்ணே," என்றாள் உமாராணி மெதுவாக. "வேற மடி பார்த்துக்கிடுதோம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "குத்துங்க ஆசாரி." ஒரு பக்கம் பானு அலற, மறுபக்கம் கார் அலற, தலைநிமிராமல் இருந்தார். இரண்டாவது காது முடியும்போது ஹாரன் இழுத்து இழுத்து முனகி ஓய்ந்தது. பேட்டரி செத்திருக்கும்.

சாப்பிட்ட பிறகு ஆண்கள் எல்லோரும் போய்த் தள்ளினார்கள். சக்கரம் சுற்றவில்லை. தள்ளியவர்களின் வெள்ளைவேட்டிகள் கறுத்ததுதான் மிச்சம். புதுப் பெயின்டில் கிடாயின் குளம்புத் தடம் வரிசையாகக் கிடந்தது.

"தரை காயட்டும் மச்சான். அதுவரை பெத்தம்மா கெடாய்க்கு மெத்தையா இருக்கட்டும்," என்றான் காளீஸ்வரன்.

சௌந்தரபாண்டியன் வெறும் தட்டோடு பஸ்ஸுக்கு நின்றார். உமாராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வழியனுப்ப வந்தாள்.

"அந்தக் கெடா ஏறாம இருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது தாயி," என்றார், சிரிக்க முயன்றபடி.

"வந்ததுமே தெரியும்ணே. பஸ்ஸு நிக்குறது தார் ரோடு. உங்களுக்கு வரும்போதே முழங்கால் வரைக்கும் கரிசல்."

"பெறகு ஏன் கேக்கல?"

"எங்க மாமியார் உங்களப் பத்தி நல்லதாச் சொன்னது இன்னைக்குத்தான். அதை நானே கெடுக்கணுமா?"

பஸ் வந்தது. கூட்டம்னா கூட்டம். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உடைமரங்கள் வந்தபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.