மைத்ரேயி மறைத்தது

முதல் தடவை அது ஒரு திவச நாளில் வந்தது. மைத்ரேயி விடியற்காலையில் தலைக்குக் குளித்து, மடிசார் கட்டிக்கொண்டு, இரண்டு அடுப்பிலும் பாத்திரம் ஏற்றியிருந்தாள். மாமனார் தேசிகனின் தகப்பனாருக்குத் திவசம். பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். ரத்தம்.

மாதவிலக்கு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில் இருந்த அந்த வீட்டில் அதற்குத் 'தூரம்' என்று பெயர். தூரமானால் மூன்று நாள் சமையலறைக்கும் பெருமாள் அறைக்கும் போகக்கூடாது. மற்றபடி ஸ்கூலுக்குப் போகலாம், டிவி பார்க்கலாம், நான்கு வயது மகள் ஹம்ஸாவைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மன்னார்புரத்தில் ஃபிளாட்டில் வளர்ந்த மைத்ரேயிக்குக் கல்யாணமான புதிதில் அது எரிச்சலாக இருந்தது. போகப் போக, மாதம் மூன்று நாள் ஓய்வு என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஆனால் போன வருஷம் மாமியார் அரவிந்தவல்லி மாடிப்படியில் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டதிலிருந்து சமையல் முழுவதும் மைத்ரேயியின் பொறுப்பாகிவிட்டது. வீட்டில் எது சமைத்தாலும் தேசிகன் அதைப் பெருமாளுக்குக் காட்டிய பிறகுதான் சாப்பாடு. மைத்ரேயி தூரமாகிற நாட்களில் அரவிந்தவல்லி ஒற்றைக் கையால் குக்கரை இறக்கப் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. திவசத்துக்குச் சில நாள் முன்பு அவள் நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தத் தரம் பெருமாள் காப்பாத்திட்டார். உன் நாள் முன்னாடியே வந்து முடிஞ்சுடுத்து" என்று நிம்மதியாகச் சொல்லியிருந்தாள்.

குளியலறையில் நின்ற மைத்ரேயியின் காதில் அந்தப் பேச்சுதான் ஒலித்தது. திவசம் பண்ணிவைக்கிற வாத்தியார்கள் வரும் நேரம். நேப்கினை வைத்துக்கொண்டு, மறுபடியும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஏன் திரும்பக் குளித்தாய் என்று அரவிந்தவல்லி கேட்டபோது, மேலே பல்லி விழுந்துவிட்டது என்றாள். பிறகு பாகற்காயை எடுத்து மீதியை நறுக்கினாள். அன்று வந்தவர்கள் எல்லோரும் தளிகை அமிர்தமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரமும் ரத்தம் பட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், எப்போதிலிருந்து என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்தே அந்த முறையும் விட்டாள். இரண்டு முறை மறைத்தவளுக்கு மூன்றாவது முறை வாயைத் திறக்கவே முடியவில்லை. மாதம் ஒருமுறை மட்டும் வழக்கம்போல் தூரம் என்று சொல்லி மூன்று நாள் ஒதுங்கினாள். மற்ற நாட்களில் ரத்தம் பட்டாலும் குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தெருமுனை மருந்துக் கடைக்காரருக்கு மாமியாரைத் தெரியும் என்பதால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேப்கின் வாங்கினாள். பயன்படுத்தியதைக் கறுப்புக் கவரில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்து, ஸ்கூலுக்குக் கொண்டுபோய் அங்கே குப்பைத்தொட்டியில் போட்டாள். பக்கத்திலேயே டிபன் டப்பா இருக்கும். மத்தியானம் அதைத் திறக்கும்போது சாப்பிடப் பிடிக்காது.

கணவன் வெங்கட்ராகவனிடமும் சொல்லவில்லை. அவன் கண்டோன்மென்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தான். அவனோடு சேர்ந்த பிறகெல்லாம் ரத்தம் வந்தது. அதனால் ஹம்ஸாவுக்குச் சளி, ஹம்ஸா பயப்படுகிறாள் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி மகளின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். தன்மேல் அவளுக்கு ஏதோ வெறுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான், கேட்கவில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு முதுகு வலியும், எவ்வளவு குளித்தாலும் போகாத ஒரு நாற்றமும் சேர்ந்துகொண்டன. பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொள்வாள்.

அவள் ஆறாம், ஏழாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கணக்கு டீச்சர். ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் நாற்காலியை விட்டு எழுந்தபோது, நாற்காலியில் கறை இருந்தது. பார்த்தவள் கமர் ஜஹான் ஒருத்திதான். அறிவியல் டீச்சர், பழைய நகரத்துப் பக்கம் வீடு. அவள் சத்தம் போடாமல் தன் துப்பட்டாவைக் கழற்றி மைத்ரேயியின் இடுப்பில் சுற்றிவிட்டு, டஸ்டரை நனைத்துக்கொண்டு வந்து நாற்காலியைத் துடைத்தாள். மைத்ரேயிக்கு அப்படியே தரைக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கமர் ஜஹான் கேட்டாள்.

"இன்னிக்குத்தான்."

"நீங்க மாசக்கணக்கா கறுப்பும் மெரூனும்தான் கட்டுறீங்க. சாயந்தரம் என்கூட வாங்க."

தில்லைநகரில் அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் மைத்ரேயி ஒரு மாதமாகத்தான் என்று பொய் சொன்னாள். பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிய டாக்டர், ஒரு மாதத்தில் இவ்வளவு ஆகாது என்றார். மைத்ரேயி சுவரைப் பார்த்துக்கொண்டு, தை மாதத்திலிருந்து என்றாள். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கேட்க வெங்கட்ராகவனும் வந்தான். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஆபரேஷனோடு போயிருக்கும். இப்போது பக்கத்தில் பரவியிருப்பதால் கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்க வேண்டும், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இனிமேல் குழந்தை பிறக்காது என்று டாக்டர் சொன்னார். இது ஒரு வைரஸால் வருவது, உடலுறவில் தொற்றுவது, பெரும்பாலானவர்களுக்கு வந்து தானாகவே போய்விடும், யாரிடமிருந்து யாருக்கு என்று கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது காவேரிப் பாலத்தின் நடுவில், தலையைத் திருப்பாமலே வெங்கட்ராகவன் பேசினான். "பெங்களூர்ல வேலை பார்த்தப்போ ஒரு பொண்ணு இருந்தா. கல்யாணத்துக்கு முன்னாடி. நான் உங்கிட்ட சொன்னதில்லை."

"யாருன்னு தேட வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாளே" என்றாள் மைத்ரேயி. வெட்கப்பட இன்னொரு ஆளும் இருக்கிறான் என்று ஒரு கணம் மனசு லேசாகியது. அப்படி லேசானதற்காக வீடு வரும்வரை கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் தேசிகனிடம் வயிற்றில் கட்டி என்று மட்டும் சொன்னார்கள். உறவுக்காரர்களுக்கும் அதுதான். நோயின் பெயர் அரவிந்தவல்லிக்கு மட்டும் தெரியும். அவள் அழுதாள். போன் பேசும்போதெல்லாம், "ஒருநாள்கூட முகம் சுளிக்காம தளிகை பண்ணினாளே, அவளுக்கா இப்படி" என்று சொன்னாள். பக்கத்து அறையில் படுத்திருந்த மைத்ரேயிக்கு அதைக் கேட்பது நோயைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேசிகன் கோயிலுக்குப் போயிருந்தார். ஹம்ஸா தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியாரும் மருமகளும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அறிகுறிகூட இல்லாமல் இப்படி ஒரு வியாதி வருமா என்று அரவிந்தவல்லி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"இருந்ததும்மா" என்றாள் மைத்ரேயி. "நடுநடுவுல பட்டுண்டே இருந்தது. நான்தான் சொல்லலை."

"எப்போலேர்ந்து?"

"திவசத்தன்னிக்கு."

அரவிந்தவல்லியின் கை நின்றது. "அன்னிக்கு நீதானே தளிகை பண்ணினே?"

"ஆமாம்மா. அதுக்கப்புறமும் பண்ணினேன். பாதி நாள் அப்படித்தான்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அரவிந்தவல்லி மடித்த துணிகளை அடுக்கிவைத்துவிட்டுப் பெருமாள் அறை வாசல்வரை போனாள். உள்ளே போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, "அப்பாகிட்ட சொல்லாதே. அவர் தாங்க மாட்டார்" என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சரியாகக் கூடாத கையோடு அவளே அடுப்படிக்குப் போனாள். மைத்ரேயியை உள்ளே விடவில்லை. ஓய்வு கொடுக்கிறாளா, தள்ளி வைக்கிறாளா என்று மைத்ரேயிக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

சிகிச்சை தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு, ஒருநாள் கீமோ. ஆஸ்பத்திரியில் மேசைமேல் படுத்து, இடுப்புத் துணியை இறக்கி, முன்பின் தெரியாத இளைஞர்கள் தோலில் மையால் அடையாளம் போடுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். மைத்ரேயி கண்ணை மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொள்வாள். உனக்கு எங்கே வலிக்கிறது என்று ஹம்ஸா கேட்டால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். குழந்தை அங்கே ஊதிவிட்டு ஓடும்.

வெங்கட்ராகவனுக்கு லீவு கிடைக்காத நாளில் அரவிந்தவல்லி துணைக்கு வந்தாள். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், திரும்பி வரும் வழியில், பாலத்தில் ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. கதிர்வீச்சு கொடுப்பதால் வயிற்றுப்போக்கு வரும் என்று எச்சரித்திருந்தார்கள். மைத்ரேயி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. புடவை நனைந்தது. நாற்றம் எழுந்தது. ஆட்டோக்காரர் தலையைத் திருப்பாமல் இருந்ததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அரவிந்தவல்லி பையிலிருந்த துண்டை எடுத்து அவள் மடியில் விரித்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டின் பின்கட்டில் குழாயடியில் நிற்கவைத்துப் புடவையை அவிழ்க்கப் போனபோது மைத்ரேயி விலகினாள். "நீங்க தொடாதீங்கோம்மா. நான் பார்த்துக்கறேன்."

"எனக்குக் கை முறிஞ்சப்போ யார் என்னைக் குளிப்பாட்டி விட்டா? பேசாம நில்லு."

ஹம்ஸாவைக் கழுவிவிடுவதுபோல் கழுவிவிட்டாள். புடவையைத் தன் கையாலேயே அலசிப் போட்டாள். பிறகு தலைக்குக் குளித்து, மடி உடுத்திக்கொண்டு, பெருமாளுக்குத் தளிகை செய்யப் போனாள். அந்த ஒழுங்கை அவள் விடவில்லை. விடுவாள் என்று மைத்ரேயியும் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நீ சொல்லலைன்னு எனக்கு இன்னும் கோபம்தான். ஆனா யோசிச்சுப் பார்த்தேன். சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஒதுங்கி உட்காருன்னுதான் சொல்லியிருப்பேன். டாக்டர்கிட்ட போன்னு என் வாயில வந்திருக்காது."

மைத்ரேயி கஞ்சியைக் குடித்தாள்.

கடைசியாக, கருவியை உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் முடிந்தது. தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்கட்ராகவனின் தங்கை பத்மாசனி காட்டூரிலிருந்து மன்னியைப் பார்க்க வந்தாள். கூடத்தில் தேசிகன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து காபி கலந்துகொள்ளச் சொன்ன அம்மாவிடம், தான் அடுப்படிக்கு வரக்கூடாது, இந்த மாதம் இது இரண்டாவது முறை, போன மாதமும் அப்படித்தான் என்று பத்மாசனி சிரித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள். டாக்டரிடம் காட்டினாயா என்று மைத்ரேயி கேட்டாள். இதற்கெல்லாமா போவது, வெட்கக்கேடு என்றாள் பத்மாசனி.

"பத்மா, எனக்கு வயித்துல கட்டின்னு சொன்னது பொய்" என்றாள் மைத்ரேயி. தனக்கு என்ன நோய் என்பதைப் பெயரோடு சொன்னாள். பேப்பர் சரசரப்பது நின்றது.

"முன்னாடியே தெரியாமலா போச்சு மன்னி?" பத்மாசனி கேட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அரவிந்தவல்லியின் கண்களும் அதைத்தான் கெஞ்சின. மைத்ரேயிக்கு முகம் பற்றி எரிந்தது.

"தெரிஞ்சுது. உங்க தாத்தா திவசத்தன்னிக்கு ஆரம்பிச்சுது. வெளியில சொல்லாம தளிகை பண்ணினேன். அப்புறம் சொல்ல வெட்கப்பட்டுண்டே எட்டு மாசம் ஓட்டினேன். அதனாலதான் இவ்வளவு தூரம் வந்துடுத்து. நீ நாளைக்கே என்கூட வா."

தேசிகன் பேப்பரை மடித்தார்.

"அன்னிக்கு வலிச்சுதாம்மா?"

"வலிச்சுதுப்பா."

அவர் எழுந்து கொடியிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காவேரிக் கரையில் அம்மா மண்டபத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேஷ்டியோடு மத்தியானம் திரும்பினார். மனைவியிடம், உனக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். "ரெண்டு பேருமா" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பல நாட்களுக்கு மைத்ரேயியிடம் தேவைக்கு மட்டும் பேசினார். ஆனால் தினமும் மாத்திரை வேளைக்கு வெந்நீர் சொம்பை அவள் அறை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பத்மாசனிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். புற்றுநோய் இல்லை, தைராய்டு கோளாறு, மாத்திரை போதும் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, "இதுக்குப் போய் அப்பா முன்னாடி எல்லாத்தையும் கொட்டிட்டேளே மன்னி" என்றாள். மைத்ரேயிக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நோய் தெரியவில்லை. அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மாதவிலக்கு அடியோடு நின்றுவிட்டிருந்தது. ஸ்கூலுக்குப் போகத் தொடங்கினாள். இரவில் வெங்கட்ராகவன் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு படுத்தான். அந்த அளவில் இருவரும் இருந்தார்கள்.

ஒருநாள் அரவிந்தவல்லிக்கு மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. நாளைக்கு நீ தளிகை பண்ணுகிறாயா என்று கேட்டாள். அப்பாவைக் கேளுங்கள் என்றாள் மைத்ரேயி. தேசிகன் அவள் முகத்தைப் பார்க்காமல், "பண்ணட்டுமே" என்றார்.

பருப்பும் சாத்தமுதும் ஒரு கறியும் செய்தாள். உப்பு சற்றுத் தூக்கலாகிவிட்டது. தேசிகன் எல்லாவற்றையும் பெருமாள் முன் வைத்து மணி அடித்தார். மைத்ரேயி பெருமாள் அறைக்குள் போகாமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். எட்டு மாதமும் அந்த மணி அடிக்கும்போதெல்லாம் தொடைகளை இறுக்கிக்கொண்டு, சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டிக்கொள்வாள். இப்போது மறைக்க ஒன்றுமில்லை. இருந்தும் உடம்பு அதே மாதிரி இறுகிக்கொண்டது. மணி நின்ற பிறகுதான் மூச்சு விட்டாள்.

"இலையைப் போடும்மா, அப்பா வரார்" என்று கூடத்திலிருந்து அரவிந்தவல்லி குரல் கொடுத்தாள். மைத்ரேயி இலைகளை எடுத்துக்கொண்டு போனாள்.