தவின் அண்ணன் குழம்பு ஊற்றிய கதை

மழைக்காலம் தொடங்கிய வாரம் பிரயோங் அக்கா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். தாய்லாந்தின் பெட்சபுரி ஆற்றோரச் சந்தையில் அவளுடைய சோற்றுக்கடைக்குப் பக்கத்தில்தான் நான் வாழைப்பழம் பொரித்து விற்கிறேன். சமையலுக்கு அவள் தங்கை வந்துவிட்டாள். ஆனால் காலை நெரிசலில் நின்று குழம்பு ஊற்ற ஆள் இல்லை.

"நான் ஊத்துறேன்" என்று வந்து நின்றார் எதிர்க்கடை தவின் அண்ணன்.

அவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அக்காவுக்கும் கணவன் இல்லை. தினமும் அவளிடம்தான் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்த பிறகும் காலித் தட்டோடு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று சந்தைக்கே தெரியும். அக்காவும் தெரியாதவள் போல இருந்துகொண்டாள்.

முதல் சில நாட்கள் நன்றாகவே ஊற்றினார். பச்சைக் குழம்பு கேட்டால் பச்சை, சிவப்பு கேட்டால் சிவப்பு. பிறகு ஒருநாள் சந்தைக்கு மூங்கில் குருத்து வரவில்லை. வழக்கமாகச் சிவப்பில் மூங்கில் குருத்தும் பச்சையில் குண்டுக் கத்திரிக்காயும் போடுவார்கள். அன்று இரண்டிலுமே கத்திரிக்காய்தான்.

துணிக்கடை சுவன்னி வந்து சிவப்பு கேட்டாள். அண்ணன் பச்சையை ஊற்றினார்.

"அண்ணே, சிவப்புன்னு சொன்னேன்."

"அடடா, மன்னிச்சுக்கம்மா" என்று புதுத் தட்டில் சோறு போட்டு, அதே அண்டாவிலிருந்து மறுபடியும் பச்சையையே ஊற்றினார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "அண்ணன் கண்ணு குழம்பு மேலயா இருக்கு? அக்கா மேலதானே இருக்கு!" என்றான் மீன்காரன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கடையில என்ன விளையாட்டு? நீங்க போய்ப் பூட்டைப் பாருங்க."

அவர் கரண்டியை வைத்துவிட்டுப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. சூடான பழம் இரண்டை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியும், லம்துவன்" என்றார் மெதுவாக. "பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான். ரயில்வே வேலைக்குப் போனப்பக்கூட கண்ணைச் சோதிச்சுட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இத்தனை நாளும் காயைப் பாத்துத்தான் ஊத்துனேன்."

"அதை அக்காகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"குருட்டுப் பயன்னு நினைச்சுட்டா?"

"இப்ப மட்டும் ரொம்ப உயர்வா நினைக்கிறாளாக்கும்!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழத்தைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேராகக் கடைக்குப் போய் எல்லோர் முன்னாலும் அக்காவிடம் உண்மையைச் சொன்னார். மீன்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா அவரையே பார்த்தாள். "சரி, இப்ப எப்படி ஊத்துவீங்க?"

"மூக்கு இருக்கே." அவர் கண்ணை மூடிக்கொண்டு அண்டா அண்டாவாகக் குனிந்தார். "இது பச்சை. பச்சமிளகாயும் துளசியும் எடுத்த உடனே சண்டைக்கு வருது. இது சிவப்பு, காஞ்ச மிளகா. உள்ள போன பிறகுதான் குணத்தைக் காட்டும். இது பனாங் குழம்பு, கெட்டியா, எலுமிச்சை இலை வாசத்தோட, பேசாம உக்காந்திருக்கு. இது மஸ்ஸமான் குழம்பு, பட்டை ஏலக்காயெல்லாம் போட்டுக்கிட்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்புன மாதிரி இருக்கு. இது மஞ்சள், சாது. பச்சப் புள்ளையும் சாப்பிடும்."

கடைசி அண்டாவின் ஆவியில் அவருக்குத் தும்மல் வந்தது. "இது காட்டுக் குழம்பு. தேங்காய்ப்பால் இல்ல, பூசி மெழுகுற வேலையே இல்ல. நேரா அடிக்கும்."

ஒன்றுகூடத் தப்பவில்லை. சுவன்னிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப அக்கா எந்தக் குழம்புண்ணே?"

"காட்டுக் குழம்பு" என்றார், யோசிக்கவே இல்லை.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நானும் பயந்துதான் போனேன். ஆனால் அவள் சிரித்தாள். சுளுக்கிய கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குதே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அதைத் தினமும் சாப்பிட முடியுமா உங்களால?" என்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா வேற என்னத்தைச் சாப்பிட்டேனாம்?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல. கரண்டியை எடுங்க, சுவன்னி பசியோட நிக்கிறா."

கை குணமான பிறகும் அவள் அந்தக் கரண்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. புத்தத் துறவிகளின் மழைக்கால விரதம் முடிந்ததும் அவர்களை அழைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். விருந்துக்கு எந்தக் குழம்பு என்று தங்கைக்கும் மீன்காரனுக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் எல்லாவற்றையும் சமைத்தார்கள்.

இப்போதெல்லாம் காலை நெரிசல் அடங்கியதும் இருவரும் என் கடைப் பலகையில் வந்து உட்காருகிறார்கள். பழம் முறுகலாக இருக்கவேண்டும் என்பாள் அக்கா, மெத்தென்று இருக்கவேண்டும் என்பார் அண்ணன். நான் இரண்டு விதமாகவும் பொரித்துக் கொடுக்கிறேன். பேசிக்கொண்டே ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துத் தின்கிறார்கள்.