பானெட் மேல் ஒரு சாந்துப் பொட்டு

ஆறுச்சாமிக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் ஒன்று இருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கார் பெயிண்டைத் தடவிப் பார்த்தே அதற்கு ஜாதகம் சொல்லக்கூடிய ஆள் தான் ஒருவன்தான் என்பது அது. அதை நம்பியவனும் அவன் ஒருவன்தான். வடகரப்பதியில் மற்ற எல்லாருக்கும் அவன் கொம்பு பெயிண்டர்.

கோயமுத்தூர் பெயிண்ட் ஷாப்பில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, ரோட்டோரம் ஒரு கொப்பரைக் கொட்டகையைப் பிடித்து, 'கார் பெயிண்டிங், பாலீஷ்' என்று தகரத்தில் எழுதி மாட்டியிருந்தான். போர்டைப் பார்த்து ஒரு கார்கூட நிற்கவில்லை. மாட்டுப் பொங்கல் வந்தால் மட்டும் சனம் கூடியது. "ஏப்பா ஆறுச்சாமி, போன வருசம் பச்ச. இந்த வருசம் செவப்பா அடிச்சுடு" என்று காளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கௌரவம் பார்த்தால் அடுப்பு எரியுமா? அடித்தான்.

அடிக்கிற கொம்பையாவது சும்மா அடிப்பானா என்றால், அதுவும் கிடையாது. முதலில் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்ப்பான். பிறகு கார் பெயிண்ட், அதன் மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத லேக்கர், கடைசியில் மெழுகு. காளை அசை போட்டுக்கொண்டு நிற்கும். கொட்டகைக்குச் சொந்தக்காரரான குப்பண்ணன் தோப்பிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, காளைக்கென்ன பொண்ணா பாக்கறாங்க?" என்பார். ஆறுச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை தெரிந்தவனுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று பெருமூச்சு விடுவான். கோயமுத்தூரில் இரண்டு வருஷமும் முக்கால்வாசி நேரம் வாளியில் தண்ணீர் சுமந்ததை அந்தப் பெருமூச்சில் மறந்துவிடுவான்.

எழுபத்து நாலாம் வருஷம், தை மாதம், பொங்கல் கழிந்து நகக்கண்ணில் கொம்புச் சிவப்பு போவதற்குள், அந்தக் கார் வந்தது.

இரண்டே சீட்டு. மேல்கூரை மடங்கும். வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஊருக்குக் கப்பலேறின தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கினது. வாங்கினவர் சூசையப்பன், மூணாறுப் பக்கத்தில் ஏலக்காய் லாரிகள் ஓட்டுகிறவர். பாலக்காட்டுக்கு வந்த வழியில் காரை நிறுத்தி இறங்கினார்.

"இங்க பெயிண்டர் யாருவே?"

"நாந்தானுங்க. போர்டப் பாத்தீங்களா?" என்று ஆறுச்சாமி நெஞ்சை நிமிர்த்தினான்.

"போர்டா? அத யாரு பாத்தா? வார வழியில ஒரு காளையப் பாத்தேன். கொம்புல என் மொகம் தெரியுது. யாரு அடிச்சான்னு கேட்டா இங்க கைய காட்டுதாங்க."

நிமிர்ந்த நெஞ்சு அரை அடி இறங்கியது. ஆனாலும் காரைச் சுற்றி வந்ததும் மறுபடி ஏறிக்கொண்டது. வருஷக்கணக்காக உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து, வெயிலில் பார்த்தால் பெயிண்ட் முழுக்க வட்டம் வட்டமாக நுண்கீறல். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஆறுச்சாமி விரலால் தடவிக் கண்ணை மூடினான்.

"பெயிண்ட் சாகலைங்க மொதலாளி. மேல்தோலுதான் செத்திருக்குது. அத உரிச்சுட்டா உள்ள உசுரு இருக்குது. அப்பறம் லேக்கர், மெழுகு. மழை, வெயில், தூசி எதுவும் ஒட்டாது."

"ஞாயித்துக்கெழம மலையில கிளப்பு புல்தரையில கார் கண்காட்சி. தோட்டத்து ஆளுங்க கார் எல்லாம் வரும். இது நின்னு பேரெடுத்தா அத்தன காரும் உம்மகிட்டதான். கெடுத்தீருன்னா நீரு மாட்டுக் கொம்போட கெடக்க வேண்டியதுதான். என்ன சொல்லுதீரு?"

"சனிக்கெழம வந்து பாருங்க. மொகம் பாத்து மீசை வெட்டலாம்" என்றான் ஆறுச்சாமி. வாய் இருக்கிறதே, அது அவனுக்கு எப்போதும் கையைவிட ஒரு முழம் நீளம்.

வேலை செய்தான். அதில் குறை சொல்ல முடியாது. வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் தொட்டு அங்குலம் அங்குலமாகத் தேய்த்தான். ரப்பிங் காம்பவுண்டுப் பசையைத் துணியில் எடுத்துத் தோள்பட்டை கழன்று போகிற மாதிரி சுற்றினான். தேய்க்கத் தேய்க்கச் செங்கல் போய், அடியிலிருந்து பழுத்த மிளகாய்ச் சிவப்பு எழுந்து வந்தது. குப்பண்ணனே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதுதான் ஆறுச்சாமி வாழ்க்கையில் வாங்கிய முதல் பாராட்டு.

லேக்கர் அடிப்பதுதான் பயம். தை மாதத்துக் கணவாய்க் காற்று ஊர்ப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வரும். ஈர லேக்கரில் புழுதி விழுந்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்துப் போகும். அதனால் கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, காற்று எழும்புவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை விடியலில் லேக்கர் பீய்ச்சும் துப்பாக்கியைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி பூவாத்தாள் கையில் சிரட்டையோடு உள்ளே வந்தாள். சிரட்டையில் சவ்வரிசி கருக்கிக் குழைத்த சாந்து.

"ஏனுங்க, இத்தன அழகா இருக்குது. ஓரமா ஒரு பொட்டு வெச்சுர்றனுங்க. கண்ணுபட்டுரும்."

ஆறுச்சாமிக்கு வந்ததே கோபம்! "ஏம்புள்ள, உனக்குப் புத்தியிருக்குதா? இது என்ன கைக்கொழந்தையா? ஒரு தூசி உழுவாம பொத்திப் பொத்தி வெச்சிருக்கறேன். நீ கரியத் தூக்கிட்டு வர்றே! அக்கட்டால போ!"

பூவாத்தாள் அசரவில்லை. "வண்டிக்கு வேண்டாம்னா போகட்டும். ஊருக் கண்ணெல்லாம் உங்க மேலதான" என்று சிரித்து, அவன் தடுப்பதற்குள் விரலால் தொட்டு அவன் இடது கன்னத்தில் அப்பிவிட்டு ஓடினாள். மெய்தான், கண்ணு படத்தான் செய்யும் என்று அந்த மடையனும் உள்ளுக்குள் ஒத்துக்கொண்டான். துடைக்கவில்லை.

பானெட்டைத் துணியால் கடைசியாகத் துடைத்தான். ஒரு தூசி இல்லை. அத்தோடு துப்பாக்கியைப் பிடித்திருக்கலாம். ஆனால் தகரத்தில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கிற வித்தை ஒன்று உண்டு. கன்னத்தைத் தகரத்தோடு கிட்டத்தட்ட ஒட்டவைத்து, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்தாயிற்று. பதினோராவது தடவை பார்த்தது மேடு பள்ளத்துக்காக அல்ல. அழகு பார்க்க. குனிந்தான், பார்த்தான், 'அட நானா இது!' என்று சொக்கிப்போனான். நிமிர்ந்து, மங்கின வெளிச்சத்தில் லேக்கரை மழை மாதிரி அடித்துத் தள்ளினான்.

சனிக்கிழமை காலை சாக்கை விலக்கியதும் வெயில் உள்ளே வந்து பானெட்டில் விழுந்தது. கண் கூசியது. கீறல் இல்லை, அலை இல்லை, புழுதி இல்லை. ஆறுச்சாமி குனிந்து தன் முகத்தைப் பார்த்தான். இடது கன்னத்தில் கரிப் பொட்டு அப்படியே இருந்தது. சிரித்துக்கொண்டே துண்டால் கன்னத்தைத் துடைத்தான். மறுபடி பார்த்தான். பொட்டு போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். போகவில்லை. கன்னம் தீய்கிற அளவுக்குத் தேய்த்துவிட்டுத் தலையை ஓரமாக நகர்த்தினான். முகம் நகர்ந்தது. பொட்டு நகரவில்லை.

விரல் வைத்தான். வழவழவென்று இருந்தது. பொட்டு லேக்கருக்கு அடியில் இருந்தது. கண்ணாடி போட்ட சாமி படம் மாதிரி, பத்திரமாக.

அதை எடுக்க வேண்டுமானால் லேக்கரை அறுத்துச் சிவப்பு வரை தேய்க்க வேண்டும். திரும்ப அடித்து உலர ஒரு நாள் வேண்டும். சூசையப்பன் மத்தியானம் வருகிறார். பூவாத்தாளைக் கூப்பிட்டுக் கத்தினான். அவள் வந்து பொட்டைப் பார்த்தாள், அவன் கன்னத்தைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்கறயா? எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டுச் சிரிக்கறயா?"

"நான் உங்களுக்குத்தானுங்க வெச்சேன். வண்டிக்கு வெச்சது நீங்கதான?"

மூளை ஓடாதபோது கை ஓடும். மெழுகு டப்பாவை எடுத்தான். பளபளப்பு ஏறினால் பொட்டு கண்ணில் படாது என்று ஒரு கிறுக்கு நினைப்பு. ஒரு பூச்சு போட்டுத் தேய்த்தான். பொட்டு பளபளத்தது. இன்னொரு பூச்சு. இன்னும் பளபளத்தது. மூன்றாவது பூச்சில் அந்தப் பொட்டுக்கென்றே கார் செய்த மாதிரி ஆகிவிட்டது.

சூசையப்பன் வந்தார். காரைச் சுற்றிவந்து, "அடேயப்பா!" என்றார். மீசையைக்கூட முறுக்கிப் பார்த்தார். பானெட்டுக்கு வந்ததும் நின்றார்.

"என்னவே இது?"

"பொட்டுங்க" என்றாள் பூவாத்தாள், ஆறுச்சாமி பொய் தேடுவதற்குள்.

"பொட்டா? நாளைக்கு ஃபாதர் இதுக்குத் தீர்த்தம் தெளிக்க வாராரு. அவருகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? நேரமில்ல, கொண்டு போறேன். மலையில யாரு கேட்டாலும் வேல செஞ்சது யாருன்னு ஊரும் பேரும் சொல்லுவேன் பாத்துக்கிடும். நீரு போய் காளைக் கொம்பத் தேயும்!"

கார் போன புழுதியில் ஆறுச்சாமி நின்றான். சாயங்காலம் போர்டைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தான். அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது? பூவாத்தாள் மேலா? பதினோராவது தடவை குனிந்தது அவளா? உன் அழகை நீயே பார்த்து மயங்கினாயே, அடே கொம்பு பெயிண்டர், உனக்கு இது வேணும், இன்னமும் வேணும் என்று தன்னைத்தானே வைதுகொண்டான்.

செவ்வாய்க்கிழமை ரோட்டில் சிவப்புக் கார் தெரிந்தது. பின்னால் இன்னும் இரண்டு கார்கள். அடிக்கத்தான் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று ஆறுச்சாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோப்புக்குள் ஓடி, கொப்பரைக் குவியலுக்குப் பின்னால் படுத்துக்கொண்டான். குப்பண்ணன்தான் கண்டுபிடித்து, காதைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்தார்.

சூசையப்பன் வாயெல்லாம் பல்லாக நின்றார். "வே பெயிண்டர், எங்க போயிட்டீரு? கேளும் கதைய. எல்லாரும் காரை நிறுத்திட்டுச் சாப்பிடப் போயிட்டோம். காட்டுலேருந்து கொரங்குக் கூட்டம் எறங்கிருச்சு. ஒரு காரை விடல. ஏறி மிதிச்சு, பிறாண்டி, வைப்பரப் புடுங்கி... என் கார்ல மட்டும் ஒரு கீறல் இல்லவே! ஏறப் பாத்துருக்கு, முடியல. வாச்சர் கண்ணால பாத்தான். எல்லாம் அந்தப் பொட்டு!"

"பொட்டில்லீங்க!" ஆறுச்சாமி பதறினான். "அது மெழுகுங்க. மூணு பூச்சு போட்டேன். கொரங்கு கால வெச்சா வழுக்கும். அதான்..."

"மெழுகு எல்லாக் கார்லயும்தான் இருந்துச்சு. பொட்டு எதுல இருந்துச்சு? சொல்லும் பாப்போம்."

பின்னால் வந்த வெள்ளைக் காரிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஞானஜோதி இறங்கினார். கார் முழுக்கக் குரங்கு நகம். "எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடையாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இருக்கட்டும். லேக்கருக்கு அடியில, அழியாத மாதிரி. கொஞ்சம் சின்னதா" என்றார்.

ஆறுச்சாமி அந்த வெள்ளைக் காரில் நகக்கீறல் ஒன்று விடாமல் எடுத்தான். பிரஷ்ஷை நனைத்து, அளவெடுத்த மாதிரி வட்டமாக ஒரு பொட்டு வைத்தான். கூடவே நின்ற சூசையப்பன் உதட்டைப் பிதுக்கினார். "இது பெயிண்ட் பொட்டு. இது யாரக் காக்கும்? என் கார்ல இருக்குத மாதிரி வையும்."

பூவாத்தாள் சிரட்டையோடு காத்திருந்தாள். "கன்னத்தக் காட்டுங்க" என்றாள். வேறு வழியில்லை. பெயிண்ட் பொட்டைத் துடைத்துவிட்டுக் காட்டினான். அப்பினாள். ஆறுச்சாமி குனிந்து, வெள்ளைப் பானெட்டில் கன்னத்தை வைத்தான்.

"கொம்பு பெயிண்டர்னா சண்டைக்கு வருவயேடா. இனி உன்னய என்னன்னு கூப்புடட்டும்?" என்று வாசலில் நின்ற குப்பண்ணன் கேட்டார்.

ஆறுச்சாமி கன்னத்தை எடுக்காமலே சுவர்ப் பக்கம் கையைக் காட்டினான். பூவாத்தாள் போய்ப் போர்டை எடுத்துத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டினாள். லேக்கர் உலர்ந்தபின் அவன் மெழுகு டப்பாவைத் திறந்து மூன்று பூச்சு போட்டான். அது எதற்கென்று ஒருத்தரும் கேட்கவில்லை.