நார்மனின் ஒரு மணி நேரம்

சாம்பல் கரைக்கப் போன அன்றைக்கும் நான் நண்டு சாண்ட்விச் கட்டி, ஃபிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டுதான் கிளம்பினேன். கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பத்து மூன்று வருஷமாக ஜூன் முதல் வாரம் இங்கிலாந்தின் இதே நார்ஃபோக் கடற்கரைக்கு, இதே வாடகை வீட்டுக்கு வந்து, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இதே ஓடைக்கரையில் உட்கார்ந்து நண்டு சாண்ட்விச் தின்ற மனுஷன் என் புருஷன் நார்மன். அவரை வழியனுப்ப வெறுங்கையோடு போனால்தான் தப்பு.

பிப்ரவரியில் போய்விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துபோனார். ஆனால் தன்னை என்ன செய்ய வேண்டும் என்று போன ஜூனிலேயே சொல்லிவைத்திருந்தார்.

"தெல்மா, என்னை இந்த ஓடையிலதான் கொட்டணும். ஆனா தண்ணி ஏறி முடிஞ்சு, கடலுக்குத் திரும்ப ஆரம்பிச்சப்புறம் கொட்டு. முன்னாடியே கொட்டினா ஊர்ப் பக்கம் போய்ப் படகுக்கு அடியில சேத்துல கெடப்பேன். எனக்கு அது வேணாம். நான் கடலுக்குப் போகணும்."

"சாகறதுக்கும் டைம்டேபிள் போட்டாச்சா?" என்றேன். என் வாய் அப்படி. அவர் சிரித்தார். "நீ சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

நார்மன் பர்மிங்ஹாமில் ரயில்வே ஆபீசில் கால அட்டவணை போட்டவர். மற்றவர்கள் விடுமுறைக்கு வந்தால் முதலில் ஐஸ்கிரீம் வாங்குவார்கள். இவர் நேராகக் கடைக்குப் போய்க் கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் போட்ட குட்டிப் புத்தகத்தை வாங்குவார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் ஏதோ கிறுக்குவார். நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. 'பதினோரு மணிக்குக் கிளம்பணும்' என்றால் கிளம்புவேன், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே. எனக்கு ஸ்பெயினுக்குப் போக ஆசை. வெயில், நீச்சல் குளம், யாரோ ஒருத்தர் சமைத்துப்போடும் சாப்பாடு. இந்தக் குளிரிலும் சேற்றிலும் என்ன இருக்கிறது என்று முப்பத்து மூன்று வருஷமும் கேட்டேன்.

இந்த வருஷம் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், இதுதான் கடைசி என்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. துணைக்கு அவர் தம்பி டெரெக் வந்தான். பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றுக்கரைக்கு வருகிற ஆள்.

வாரம் முழுக்க மழை. மழை என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் சாம்பல் இருந்த ஜாடி சமையலறை ஜன்னலோரம் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. பாத்திரம் கழுவும்போது அதனிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். மிஞ்சியது வெள்ளிக்கிழமை மட்டும்.

புத்தகத்தை நானே வாங்கினேன். வெள்ளி, தண்ணீர் உச்சம் பத்து நாற்பது. பதினொன்றுக்குக் கொட்டினால் இருபது நிமிஷம் வடிந்திருக்கும். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

பதினொன்றுக்குக் கரையில் நின்றோம். தண்ணீர் அசையாத மாதிரிதான் தெரிந்தது.

"இன்னும் ஏறுற மாதிரி இருக்கே" என்றான் டெரெக்.

"புத்தகத்துல போட்டிருக்கு. பர்மிங்ஹாம்காரன், உனக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?"

"நீங்களும் பர்மிங்ஹாம்தானே, தெல்மா."

"வாயை மூடிக்கிட்டுத் தொப்பியைக் கழட்டு."

ஜாடியைச் சாய்த்தேன். சாம்பல் தண்ணீர்மேல் வெளிறிய ஏடாகப் படர்ந்தது. போய் வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஏடு மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. கடல் வலது பக்கம்.

"தெல்மா" என்றான் டெரெக்.

"தெரியுது."

என்னைத் தாண்டி, படகுகளைத் தாண்டி, அவர் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தார். நான் கரையோரமாகவே கூட ஓடினேன், எழுபத்தொரு வயதில், காலி ஜாடியோடு. படகுத்துறையில் பிள்ளைகள் கயிற்றில் பன்றி இறைச்சித் துண்டைக் கட்டி நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாளிகளுக்குக் கீழே போனார் நார்மன்.

"ஏதாச்சும் தண்ணில விழுந்துருச்சா?" என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"என் புருஷன்" என்றேன். அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூச்சிரைக்க வந்த டெரெக் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். உள்ளே போட்ட நேரமெல்லாம் குளிர்கால மணிக்கணக்கு. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறோம் இல்லையா, அந்த ஒரு மணி நேரத்தை நாமேதான் கூட்டிக்கொள்ள வேண்டும். உச்சம் பத்து நாற்பது இல்லை, பதினொன்று நாற்பது.

அவர் பென்சிலால் கிறுக்கியது அதைத்தான். ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு நாளுக்கும், ஒரு மணி நேரம் கூட்டி எழுதியிருக்கிறார். ஒரு நாளும் நாங்கள் தண்ணீரில் மாட்டிக்கொண்டதில்லை. அதை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

படகுத்துறைக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். பிப்ரவரியில் அழாததையும் சேர்த்து அழுதேன். டெரெக் டீயை ஊற்றிக் கையில் கொடுத்தான். அவனை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது.

பதினொன்று நாற்பதுக்குத் தண்ணீர் நின்றது. பிறகு திரும்பியது. கொஞ்சம் சாம்பல் நுரையோடு நுரையாகக் கடல் பக்கம் போனதைப் பார்த்தேன், இல்லை பார்த்ததாக நினைத்தேன். ஒன்றரைக்குத் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. ஒரு பச்சைப் படகுக்கு அடியில், சேற்றுச் சரிவில், வெளிறிய திட்டாகப் படிந்து கிடந்தார், எங்கே வேண்டாம் என்று சொன்னாரோ அங்கேயே.

இறங்கினேன். முழங்கால்வரை சேறு. ஃபிளாஸ்க் மூடியில் தண்ணீர் மொண்டு அடித்து அடித்துத் தள்ளிவிட்டேன். கொஞ்சம் நகர்ந்தது. மிச்சம் இன்னும் ஆழமாகச் சேற்றில் இறங்கியது. பக்கத்தில் சளக்கென்று சத்தம் கேட்டது. டெரெக், பாலிஷ் போட்ட ஷூவோடு, சாண்ட்விச் டப்பாவில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான்.

"அண்ணன் இருந்தா சிரிச்சிருப்பாரு" என்றான்.

"கணக்கைச் சரிபார்த்தியான்னு முதல்ல கேட்டிருப்பாரு."

ஓடையில் தண்ணீர் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கும்வரை இறைத்தோம். பாதி நார்மன் கடலுக்குப் போனார் என்று வைத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி பச்சைப் படகுக்கு அடியிலேயே இருக்கிறார். ஒரே ஒரு சத்தியம் கேட்டார், அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அப்ப இதோட இங்க வர்றதில்லைன்னு சொன்னீங்களே" என்று வீட்டுக்காரம்மா பதிவு நோட்டை மூடப் போனாள்.

"மூடாதீங்க" என்றேன். "அடுத்த ஜூன் முதல் வாரம் எழுதிக்கோங்க. ஒரு ஆளுக்கு."

அவரைச் சேற்றில் தனியாக விட்டுவிட்டு நான் ஸ்பெயினில் போய் என்ன செய்வேன்.