ஒரே ஒரு ஏசி அறை

ராத்திரியிலும் சூடு இறங்காத வருடங்கள் வந்தபின், வீட்டுக்கு ஒரு ஏசிக்கு மட்டுமே மின்சாரம் என்று ஆயிற்று. அந்த வீட்டில் மாமனார், மாமியார், மகன், மருமகள் நால்வரும் ஒரே அறையில் வரிசையாகப் படுத்தார்கள். போன வருடம் பிடிவாதமாகக் கூடத்தில் படுத்த மாமனாரை, நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தது.

கல்யாணமாகி மூன்று வருடம். காய் நறுக்கிக்கொண்டே மாமியார் கேட்டார்.

"விசேஷம் ஏதும் உண்டா?"

"எப்படி அத்தை? இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் மாமாவோட குறட்டை."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லையாம். கொஞ்சம் தனியா இருங்கன்னாங்க. எங்க இருக்கறது, வெந்துபோற அடுப்படியிலயா?"

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவனுக்கு என்னைக்கு லீவு?"

"நாளைக்கு."

மறுநாள் காலை டிபன் முடிந்ததும் மாமியார் குடையை எடுத்தார்.

"என்னங்க, கிளம்புங்க. லைப்ரரியில ஏசி இருக்கு."

"நான் பேப்பர்கூடப் படிக்கமாட்டேனே. எனக்கு அங்க என்ன வேலை?"

"வம்சம் வளர்க்கிற வேலை. பேசாம செருப்ப மாட்டுங்க."

"சரி, எப்பத் திரும்பறது?"

"பூட்டணும்னு வந்து உங்கள எழுப்புவாங்கல்ல, அப்ப."