எடுத்து வைத்தது

விளாங்குடியில் இம்மானுவேலின் செல்போன் சர்வீஸ் கடைக்கு முன்னால் முத்திருளன் சாக்கை இறக்கும்போது மணி மூன்றரை. முத்திருளன் பழைய சாமான் வியாபாரி. வீடு வீடாகப் போய் இரும்பும் பேப்பரும் வாங்குகிறவன், கரண்ட் சாமான் எது மாட்டினாலும் அதை மட்டும் தனியாக இங்கே கொண்டுவந்து கொட்டுவான். அன்றைக்கும் கொட்டினான். நாலு சார்ஜர், ஒரு ரேடியோ, வயிறு வீங்கிய பேட்டரி ஒன்று, பிறகு செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

இம்மானுவேல் பொட்டலத்தைப் பிரித்தான். பிரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

கேம்பாய். கையில் பிடித்து ஆடுகிற வீடியோ கேம். பழுப்பேறிய சாம்பல் நிறம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைத் திரை, கருஞ்சிவப்புப் பொத்தான் இரண்டு. இடது மூலையில் ஒரு விரிசல். திருப்பிப் பார்த்தான். முதுகில் காம்பஸ் முனையால் கீறிய ‘A.R.’ என்ற எழுத்துகள். அதே சாமான்தான். சந்தேகமே இல்லை.

அவன் கடை அலமாரியில் பழைய வீடியோ கேம் ஏழெட்டு வரிசையாக இருக்கும். எங்கெங்கோ தேடி வாங்கி, ஓட வைத்து, துடைத்து அடுக்கியவை. எவன் கேட்டாலும் கொடுக்கமாட்டான். சோறு போடுமா அது என்று வீட்டில் கேட்பார்கள், சிரித்து மழுப்புவான். உண்மையில் இந்த ஒன்றைத் தேடப் போய்த்தான் மற்றவை எல்லாம் வந்து சேர்ந்தன. இப்போது இது தானாகக் கைக்கு வந்திருக்கிறது. துள்ளிக் குதிக்க வேண்டாமா மனுஷன்? அவனோ சட்டென்று மேசை டிராயரை இழுத்து அதை உள்ளே தள்ளி மூடினான். ஏனென்றால் கடை பெஞ்சில் அவன் அப்பா சின்னக்கருப்பன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய கதை இது. அப்போது அப்பா சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் பியூன். அதிகாரி அனந்தபத்மநாபனின் தல்லாகுளம் வீட்டில் பண்டிகை என்றால் மாவிலை கட்டுவதிலிருந்து நாற்காலி தூக்குவது வரை அப்பாதான். பன்னிரண்டு வயது இம்மானுவேல் கொலுச் சுண்டலுக்காகக் கூடவே போவான். அதிகாரி மகன் அனந்தராமனுக்கும் அதே வயது. சிங்கப்பூர்ச் சித்தப்பா வாங்கிக் கொடுத்த கேம்பாயை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மாடிப்படியே கதியென்று கிடப்பார்கள். மேலிருந்து விழுகிற கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்குகிற ஆட்டம். தோற்றால் அடுத்தவன் கைக்குக் கொடுக்க வேண்டும். அனந்தராமன் சீக்கிரம் தோற்பான். இம்மானுவேல் கைக்குப் போனால் செல் தீருகிற வரைக்கும் திரும்பி வராது. அந்த விரிசல்கூட இவன் கை நழுவி விழுந்ததுதான்.

சரஸ்வதி பூஜை முடிந்து இரண்டாம் நாள் கேம்பாயைக் காணோம். திருட்டு என்று யாருமே சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அனந்தராமனின் அம்மா ஜானு மெதுவான குரலில், “எடுத்திருந்தா குடுத்துடுப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றாள். நான் எடுக்கலை, எடுக்கலை என்று இவன் கத்தியதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா காக்கி பேண்ட்டிலிருந்து பெல்ட்டை உருவினார். அந்த வீட்டு அய்யாவும் அம்மாவும் போதும் என்று சொல்கிற வரைக்கும் அடித்தார். போதும் என்று சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அடுத்த மாதமே அப்பா உசிலம்பட்டிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் வீட்டில் தல்லாகுளம் என்ற பேச்சே கிடையாது. பஸ் அந்த வழியாகப் போகும் என்றால் இறங்கி வேறு பஸ் ஏறுவார். எடுத்தாயா என்று மகனிடம் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. இவன் சொன்னதை நம்பவும் இல்லை.

இப்போது சொல்லுங்கள். அந்தச் சாமான் மகன் கையில் இருப்பதை அவர் பார்த்தால் என்ன நினைப்பார்? இம்புட்டு வருசமும் இவன்தான் வைத்திருந்தான் என்றுதானே? இம்மானுவேல் ஓரக்கண்ணால் பெஞ்சைப் பார்த்தான். டிராயரைத் திறந்து, கேம்பாயைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கடையின் பின் தடுப்புக்குள் போனான். செய்யாத திருட்டுக்கு இப்போது திருடன் மாதிரியே நடக்கிறோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

சர்வீஸ்காரனின் கைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானைப் பார்த்தாலும் மூளை யோசிக்கும் முன்பே துடைக்க ஆரம்பித்துவிடும். கேம்பாயின் தலைப்பக்கம் காசு அளவுக்கு ஒரு அழுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு இழுப்பு இழுத்தான். பஞ்சில் மஞ்சள் ஏறியது, நடுவில் சிவப்பு. துருவும் இல்லை, செல் கசிந்ததும் இல்லை. என்ன கறை இது என்று மூன்றாவது இழுப்புக்குக் கையைக் கொண்டுபோனவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தனம். குங்குமம்.

“அட மடையா!” என்று தன்னையே திட்டிக்கொண்டு பஞ்சை எறிந்தான். பாதிப் பொட்டு போயே போய்விட்டது. மீதி, நகம் அளவுக்குப் பிழைத்துக் கிடந்தது. சரஸ்வதி பூஜையில் அந்த வீட்டில் புத்தகம், பேனா, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். பொட்டு அழியாமல் இருந்ததென்றால், பூஜைக்கு அப்புறம் யாருமே இதைக் கையில் எடுத்து ஆடவில்லை. பொட்டலம் சுற்றியிருந்த பேப்பர்? வெளியே பாய்ந்தான். முத்திருளன் அந்தப் பேப்பரில்தான் உளுந்த வடையை வைத்து எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தான்.

“குடுய்யா அத!”

“மாப்ள, வடை...”

வடை உருண்டு தரையில் விழுந்தது. இம்மானுவேல் பேப்பரை விரித்தான். எண்ணெய் ஊறியும் மேல்பக்கத் தேதி தெளிவாகத் தெரிந்தது: 2004 அக்டோபர். கேம்பாய் காணாமல் போனது 2002. அப்படியானால் நடுவில் எவரோ இதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, புதுப் பேப்பரில் மறுபடி சுற்றி வைத்திருக்கிறார்கள்.

“இது எந்த வீட்டுச் சரக்கு?”

“தல்லாகுளத்துல ஒரு அய்யர் வீடு. காலி பண்ணிட்டு பம்பாய்க்குப் போறாக. கொலுப் பொம்மையெல்லாம் கோயிலுக்குக் குடுத்துட்டு, டிரங்குப் பெட்டிய அடியில கெடந்ததோட எனக்குத் தள்ளி விட்டாக. நாலரைக்குக் காராம். ஒரு ஓட்டை வீடியோ கேமுக்கா மாப்ள இம்புட்டுப் பதட்டம்?”

பெஞ்சில் டீ கிளாஸ் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றார். அவர் பார்வை மகனின் சட்டைப் பொத்தானுக்கு நடுவே பிதுங்கித் தெரிந்த சாம்பல் மூலையில் இருந்தது.

“எங்கருந்து எடுத்த?” என்றார்.

“நான் எடுக்கலப்பா. முத்திருளன் கொண்டாந்த மூட்டையில இருந்துச்சு. இந்தப் பேப்பரப் பாருங்க, இந்தப் பொட்டப் பாருங்க...”

அப்பா எதையும் பார்க்கவில்லை. நம்பினாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பை மாட்டினார். “வண்டிய எடு, தல்லாகுளத்துக்கு” என்றார். அந்த ஊர்ப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று! கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முத்திருளனிடம் சாவியை எறிந்துவிட்டு இம்மானுவேல் வண்டியை உதைத்தான்.

செல்லூரில் ஒரு லாரி குறுக்கே நின்று பத்து நிமிடத்தைத் தின்றது. நாலு பத்து. கோரிப்பாளையம் சிக்னலில் இன்னும் ஐந்து நிமிடம். பின்னால் அப்பா இருக்கிறாரா என்றே சந்தேகம் வருகிற அளவுக்கு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் போய் அப்பா என்ன செய்யப் போகிறார்? சாமானைக் கொடுத்துவிட்டு மகனுக்காக மன்னிப்புக் கேட்கப் போகிறாரா? அதை நினைத்ததும் வண்டியைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தான் இம்மானுவேல்.

வாசலில் கார் டிக்கி திறந்து நின்றது. அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அனந்தராமனுக்கு முதலில் ஆள் தெரியவில்லை. இம்மானுவேல் கேம்பாயை நீட்டியதும் தெரிந்துவிட்டது.

“டேய் இம்மானு! என் கேம்பாய்டா!”

காதோரம் நரைத்த மனுஷன் குழந்தை மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரிசலைத் தடவினான். பொத்தானை அமுக்கிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தான். “அந்தக் கட்டை ஆட்டம் ஞாபகம் இருக்காடா? உன் கைக்குப் போனா எனக்குத் திரும்பியே வராதே” என்றான். பிறகு அவன் குரல் இறங்கியது. இம்மானுவேலின் தோளில் கை வைத்தான்.

“விடுடா. சின்ன வயசுல எல்லாரும் பண்றதுதான். இத்தனை வருஷம் கழிச்சு மனசு கேக்காம கொண்டு வந்து குடுக்கறியே, அது போறும்.”

கேட்டுக்கு வெளியே அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இம்மானுவேல் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டான். திட்டினால் திருப்பித் திட்டலாம். மன்னிக்கிறவனை என்னடா செய்வது?

“நான் எடுத்தாத்தானடா கொண்டாந்து குடுக்கறதுக்கு? இது இன்னிக்கு நீங்க பழைய சாமான்காரனுக்குப் போட்ட கொலுப் பெட்டியில இருந்துச்சு.”

“கொலுப் பெட்டியிலயா? என்னடா உளர்றே. அம்மா, இங்க வாயேன்!”

ஜானு கைப்பையோடு வெளியே வந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. மகன் கையில் இருந்ததைப் பார்த்ததும் வாசப்படியிலேயே நின்றாள்.

“அம்மா, இது உங்க பூஜையில வச்ச பொட்டு, நான் வச்சு ஆடியிருந்தா அழிஞ்சிருக்கும்” என்றான் இம்மானுவேல். எண்ணெய்ப் பேப்பரை விரித்துக் காட்டினான். “தேதியப் பாருங்க. காணாமப் போயி ரெண்டு வருசம் கழிச்சு யாரோ சுத்தி வச்சிருக்காங்க.”

“யாரும்மா?” என்றான் அனந்தராமன்.

ஜானு பேப்பரைப் பார்க்கவில்லை. “நாழியாறது, ரயில் போயிடும். கிளம்பு” என்று காரை நோக்கி நடந்தாள். டிரைவர் கதவைத் திறந்தான். அவள் ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டாள். அவ்வளவுதான், கதவு சாத்தினால் எல்லாம் முடிந்தது என்று இம்மானுவேல் நினைத்தபோது, கேட் கிறீச்சிட்டது. அப்பா உள்ளே வந்தார். அன்றைக்குப் பெல்ட்டோடு நின்ற அதே இடத்தில் வந்து நின்றார்.

“அம்மா, நான் கேக்கறேன். எம் புள்ள எடுத்தானா?”

ஜானு காலை வெளியே எடுத்தாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எடுக்கலை” என்றாள். “நான்தான் எடுத்து வெச்சேன்.”

பொம்மைகளைப் படியிலிருந்து இறக்கிப் பெட்டியில் வைப்பதை அந்த வீட்டில் எடுத்து வைப்பது என்றுதான் சொல்வார்கள். பூஜையன்று அவள் மாமனார் கையில் கிடைத்ததற்கெல்லாம் பொட்டு வைத்தவர், இதற்கும் வைத்து, செட்டியார் பொம்மைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எடுத்து வைக்கிற அவசரத்தில் துணியோடு துணியாக அது பெட்டிக்குள் போய்விட்டது. அந்த வருடமே மாமனார் காலமானதால் மறு வருடம் கொலு இல்லை. அதற்கடுத்த வருடம் பெட்டியைத் திறந்தபோது பார்த்துவிட்டாள்.

“பாத்தும் ஏம்மா சொல்லலை?” என்றான் அனந்தராமன்.

“உங்கப்பா வேண்டாம்னுட்டார். அடிச்சாச்சு, அவாளும் ஊரை விட்டே போயாச்சு, இப்பச் சொன்னா நமக்குத்தான் அசிங்கம்னார். நானும் சரின்னு மறுபடி சுத்தி அடியில போட்டுட்டேன். அப்புறம் அந்தப் பொட்டலத்தை நான் தொட்டதே இல்லை. இன்னிக்குப் பெட்டியோட போகட்டும்னு விட்டுட்டேன்.”

அனந்தராமன் கேம்பாயை நீட்டினான். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “இம்மானு, நீயே எடுத்துக்கோடா.”

“எடுத்துக்க மாட்டேன்” என்றான் இம்மானுவேல். எவ்வளவு ஆசைப்பட்டுத் தேடிய சாமான், கை தானாக நீளப் பார்த்தது, அடக்கிக்கொண்டான். “குடுக்கறதா இருந்தா, எங்கப்பா கையில குடு.”

ஜானு அதை மகனிடமிருந்து வாங்கினாள். சின்னக்கருப்பா, வா, போ என்றே கூப்பிட்டுப் பழகியவள், கிட்டே வந்து, “சின்னக்கருப்பன், இது உங்க பையனுக்கு. நீங்க வாங்கிக்கணும்” என்றாள். அப்பா கும்பிடவில்லை, குனியவில்லை. வாங்கிச் சட்டைப் பைக்குள் திணித்தார், பாதிதான் நுழைந்தது. திரும்பி நடந்தார்.

கோரிப்பாளையம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. இம்மானுவேல் காலை ஊன்றினான். முதுகில் கேம்பாயின் மூலை குத்திக்கொண்டிருந்தது.

“ஏண்டா” என்றார் அப்பா பின்னாலிருந்து. “அன்னிக்கு ரொம்ப வலிச்சுச்சா?”

“இல்லப்பா.”

“பொய் சொல்லாத.”

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். இம்மானுவேலுக்கு முன்னால் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

“வலிச்சுச்சுப்பா” என்றான்.

அப்பா நம்பினார்.