பதினோரு நாள்

தபால்காரர் க்ளெமென்ட் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். "புதுப் பிரபுவுக்கு மொத தபால்! இனிமே உங்களை ஜோஸ்லின்னு கூப்பிட்டா உள்ள தள்ளிடுவீங்களா?" என்றார். எனக்கு வயது அறுபத்தொன்று. சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அப்பா, ஐந்தாவது ஆர்க்கிள்பி பிரபு, இறந்து மூன்று வாரம். பட்டம் தானாக மகனிடம் வந்துவிடும் என்று ஊரார் நினைக்கிறார்கள். என் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் திருமணச் சான்றிதழையும் லண்டனுக்கு அனுப்பினால்தான் பெயர் பதிவாகும். இரண்டாவதை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். பெட்டியில் இருக்கிறது என்பாள், மறுநாள் எலி கடித்துவிட்டது என்பாள். கடைசியில் பதிவு அலுவலகத்துக்கு எழுதி நகல் கேட்டேன். அதுதான் இந்த உறை.

நான் பிறந்தது 1913 மார்ச் மூன்று. கல்யாணம் மார்ச் பதினான்கு.

நின்றபடியே மூன்று முறை படித்தேன். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு இங்கிலாந்தில் பட்டம் கிடையாது. பிறகு எத்தனை மோதிரம் மாற்றினாலும் கிடையாது. குடும்பத்தில் வேறு ஆண் வாரிசும் இல்லை. நூற்றெண்பது வருஷப் பட்டம் அப்பாவோடு மண்ணுக்குள் போய்விட்டது. அதற்காகவே வளர்க்கப்பட்டவன் நான். வேறொரு வேலையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா சமையலறையில் ஆரஞ்சுத் தோலை நறுக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தை அவள் முன்னால் போட்டேன்.

"பதினோரு நாளும்மா! அதுக்கு முன்னாடியே கட்டிக்கிட்டிருக்கக் கூடாதா?"

"நான் தயாராத்தான் இருந்தேன். உங்கப்பாதான் பொறு பொறுன்னாரு."

"எதுக்கு?"

"பையனான்னு பாக்க." கத்தி நிற்கவில்லை. "என்னை மாதிரி டாக்டர் மகளைச் சும்மா எதுக்குக் கட்டணும்னு நெனச்சாரு. பையன் பொறந்தப்புறம் கட்டினாலும் செல்லும்னு ஸ்காட்லாந்துக்கார சிநேகிதன் எவனோ சொல்லிட்டான். அங்க செல்லுமாம். இங்க செல்லாதுன்னு வக்கீல் சொன்னப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. வாயத் தொறக்காதேன்னுட்டாரு. அப்புறம் வேற குழந்தையும் நிக்கல."

வாரிசுக்காகக் காத்திருந்தே வாரிசை ஒழித்த மனுஷன்! அவரைத் திட்டக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது.

"நான் பொண்ணாப் பொறந்திருந்தா?"

"கனடாவுல எங்கக்கா வீட்டுக்குப் போறதுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேன்." முதல் முறையாக நிமிர்ந்தாள். "பொண்ணாத்தான் பொறக்கணும்னு தெனமும் வேண்டிக்கிட்டேன்டா."

நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தேன். அதற்கு மேல் பட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது.